கிறகோரியின் மொழிபெயர்ப்பு

"உவன் அவளின்ரை கூடப்பிறந்த தமையன்" என்றார் கிறகோரி.

தொலைக்காட்சியில் அந்தத் தமையன் கொட்டும் மழையில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தமையனெண்டால் ஏன் உப்பிடிப் பாக்கிறான்?" என்று கேட்டாள் மனைவி லூர்த்தம்மா.

"தங்கச்சியின்ரை கண்ணுக்கை தூசு விழுந்திட்டுது. அதைத்தான் பாக்கிறான்."

குருநகரில் அந்த ஒழுங்கையில் கிறகோரி வீட்டில் மட்டும்தான் வீடியோ டெக் இருந்தது. துபாயில் உழைத்து வாங்கியது. உருதும் அங்கே பாகிஸ்தான்காரரோடு ஒரே அறையில் கிடந்து பழகியதுதான். இந்த உருது நாடகக் கசெற்றை, கொழும்பில் புடவைக்கடையில் வேலைசெய்யும் மகள் சிசிலியா லீவில் வரும்போது கொண்டுவந்திருந்தாள்.

உறையில் இருந்த பெயரைக் கண்டதுமே கிறகோரிக்கு விளங்கிவிட்டது. துபாய் அறைக்காரர்கள் விம்மி விம்மி வாசித்த காதல் நாவல் அது. இப்போது நாடகமாக்கியிருக்கிறார்கள்! மகளுக்குப் பாசையூரில் சம்பந்தம் பேசி, ஞாயிற்றுக்கிழமை வாக்குக் கொடுக்க இருக்கிற நேரத்தில் இதென்ன வில்லங்கம்? பார்க்கக் கூடாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் மொழிபெயர்ப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

காதலன் கவிதை சொன்னான். "மீன் விலை ஏறிப்போச்சாம்" என்றார். காதலி ஜன்னலோரம் தேம்பினாள். "பல்லுக்கொதி" என்றார்.

கிழவி ஒருத்தி ஏதோ சொல்ல, சிசிலியா குலுங்கிச் சிரித்தாள். "கிழவி பகிடி விடுறா" என்று அவர் சொன்ன பிறகுதான் பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் சிரித்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் அந்தப் பெண் சிவப்பு முக்காடு போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்காரும்வரை.

"யேசுவே!" லூர்த்தம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "தமையனையோ கட்டுறாள்?"

கிறகோரிக்கு வியர்த்துக் கொட்டியது. "சீச்சீ, கலியாணம் இல்லையடி. அது... உறுதிபூசுதல் சடங்கு."

"அப்ப எண்ணெய் பூச வாற மேற்றிராணியாரை எங்கை காணேல்லை?" என்றாள் சின்னத்தங்கம்.

"வாற வழியிலை கார் பழுதாப்போச்சாம்."

சிசிலியாவுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அவன் தமையன் இல்லை, அம்மா. ரண்டுபேரும் எப்பவோ களவாக் கலியாணம் முடிச்சிட்டினம். தேப்பனுக்குச் சொல்லப் பயந்துதான் இவ்வளவு நேரமும் அழுதவள். இப்ப அந்த மனுசன் மன்னிச்சு, ஊரறியச் செய்து வைக்கிறார்."

லூர்த்தம்மா கணவரைப் பார்த்தாள். கிறகோரி மகளைப் பார்த்தார்.

"பிள்ளை, உனக்கு... உருது எப்பிடித் தெரியும்?"

சிசிலியா எழுந்து போய் நாடகத்தை நிறுத்தினாள். தகப்பனின் முன்னால் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"என்ரை மாமியார் வீட்டிலை உருதுதானே கதைக்கிறவை, அப்பு."