கிராணி வீட்டுச் சதுரக் காசு

காசு சன்னாசியின் உள்ளங்கையில் இருந்தது. சதுரமான ஒரு சென்ட். விளிம்பு தேய்ந்து, ராஜாவின் முகம் மழுங்கிப் போயிருந்தது.

"ஜப்பான் காலத்துல தாத்தா இடுப்புல முடிஞ்சு வச்சிருந்தது, சன்னாசி அங்கிள்," என்றாள் ஸ்டெல்லா.

அவர் தலையாட்டினார்.

இருபது வருடமாக இதுதான் வேலை. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப்போன ரப்பர் தோட்டத்து ஆட்களின் வீடுகளைத் தேடிப் போவார். அவர்கள் கைபட்ட காசு ஒன்றைக் கேட்டு வாங்கி வருவார்.

காசு தருவார்கள். எந்த முகாம், எப்படிச் செத்தார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவருடைய அப்பாவைப் பற்றி அவருக்கே தெரியாது. அப்பாவை ரயிலேற்றியபோது அவர் அம்மாவின் வயிற்றில் ஐந்து மாதம்.

"தாத்தா பேரு?"

"அருளப்பன். ஆறாங்கட்டைத் தோட்டத்துல கணக்கு எழுதின கிராணி."

அவர் எழுந்துவிட்டார்.

காசை மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் அது சறுக்கித் தரையில் விழுந்தது.

இருவரும் குனியவில்லை.

"இது வேணாம்."

"ஏன் அங்கிள்?"

"யார் யாரு சயாமுக்குப் போகணும்னு பேர் எழுதினது உங்க தாத்தாதான். எங்கம்மா வயித்துப் புள்ளையோட அந்த ஆளு கால்ல விழுந்துச்சு. அப்பவும் எங்கப்பா பேர அடிக்கல."

அம்மா சாகும்வரை அந்தக் கிராணியைச் சபித்துக்கொண்டிருந்தாள். லிப்ட் பழுதாகிக் கிடக்க, முட்டி வலியோடு நான்கு மாடி ஏறி வந்தது இந்த வீட்டுக்கா?

"தெரியும் அங்கிள். பாட்டியே சொல்லியிருக்கு." ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "கடைசி ரயிலப்ப ரெண்டு பேரு காட்டுக்குள்ள ஓடிட்டாங்க. ஆள் கொறையுதுன்னு ஜப்பான்காரன் தாத்தாவையும் புடிச்சு ஏத்திட்டான்."

"நல்லா வேணும்."

சொன்ன பிறகு வாய் கசந்தது. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"உங்கப்பா பேரு என்ன அங்கிள்?"

"எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

"வையாபுரி."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சயாம்லேருந்து திரும்பின ஒருத்தருதான் இந்தக் காச பாட்டிகிட்ட கொண்டாந்து குடுத்தாரு. வேற தோட்டத்து ஆளு. தாத்தா காலராவுல கெடந்தப்ப யாரும் கிட்ட போகலயாம். வையாபுரின்னு ஒருத்தருதான் கஞ்சி ஊத்தினாராம். நாலாம் நாள் அவருக்கும் வந்துருச்சாம். ரெண்டு பேரையும் ஒரே குழியில..."

கஞ்சி ஊற்றினார்.

எண்பது வருடத்தில் அப்பாவைப் பற்றி அவர் கேட்ட முதல் செய்தி. அதிலும் கிராணி வந்து படுத்துக் கிடந்தான்.

ஆத்திரம் வந்தது. கிராணிமேல் அல்ல, அப்பாமேல். போயும் போயும் அவனுக்கா? கேட்பதற்கு அப்பா இல்லை.

"வேற என்னா சொன்னாரு? எங்கப்பா எப்படி இருப்பாராம்? எந்த முகாம்?"

"அவ்வளவுதான் அங்கிள். பாட்டிக்கும் அவ்வளவுதான் தெரியும்."

அவர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். கீழே யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனார்கள்.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா."

ஸ்டெல்லா தயங்கினாள். எப்படிச் சொன்னாலும் தாத்தாவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

தொடங்கினாள்.

அவர் தடுக்கவில்லை.