சிவப்புச் சட்டிதான் வேணும்

“நீலம்தான் இருக்கு தாத்தா. வாங்கிட்டு நகருங்க, பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க!”

“எனக்குச் சிவப்புதான் வேணும். அதோ, கண்ணாடி அலமாரியில ஒண்ணு இருக்கே?”

“அது பார்வைக்கு வெச்சது. குடுக்க மாட்டோம்.”

ஹார்லன் நகரவில்லை. லாஸ் வேகஸில் வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்க்காத அந்தப் பேட்டைக் கசினோவில், வியாழன்தோறும் உறுப்பினர் அட்டையைக் காட்டினால் ஒரு பரிசு இலவசம். இந்த மாதம் சமையல் சட்டிகள், வாரத்துக்கு ஒன்றாக நான்கு. இன்று கடைசி வாரம், பெரிய சட்டி.

“ஏன், நீலச் சட்டியில சூப் கொதிக்காதா?” என்றாள் பரிசு மேஜையில் இருந்த மரிசேல்.

“மத்த மூணும் சிவப்பும்மா. ஜோடி சேர வேண்டாமா?”

மரிசேல் கண்ணைச் சுருக்கினாள். “மூணு வேளையும் இங்கதான் சாப்பிடறீங்க. உங்க வீட்ல அடுப்பே எரியாதுன்னு ஊருக்கே தெரியும். அப்புறம் சட்டி எதுக்கு? ஞாயித்துக்கிழமை சந்தையில விக்கத்தானே?”

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பரிசை விற்றால் அட்டை ரத்து. அட்டை போனால் ஹார்லனுக்கு பிங்கோ ஆட்டம் இல்லை, பாதி விலைச் சாப்பாடும் இல்லை. பன்னிரண்டு வருட அட்டை அது.

“எப்படி வேணா நெனச்சுக்கோ. சட்டியைக் குடு.”

“இங்க வேலை பாக்கிற எங்களுக்கு அட்டையும் கிடையாது, ஒரு கரண்டியும் கிடையாது. நீங்க வாங்கிட்டுப் போய் விப்பீங்களா?” அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. “நாளையிலேருந்து நான் லீவு. போற நேரத்துல ஏன் என் உயிரை வாங்கறீங்க?”

கிழவர் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். “இதை வெட்டிப் போட்டுடு. சிவப்பை மட்டும் எடு.”

மரிசேலுக்கு மனசு கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, சட்டியையும் அட்டையையும் சேர்த்தே அவர் பக்கம் தள்ளினாள். “எடுத்துட்டுப் போங்க, பிடிவாதம் பிடிச்ச மனுஷா!”

ஹார்லன் வரிசைப் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். வரிசையில் நின்ற மூன்று பேர், அவர் போன வாரங்களில் வாங்கிய சிவப்புச் சட்டிகளை ஆளுக்கொன்றாக மேஜையில் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தது.

நான்காவதை ஹார்லன் அவள் பக்கமே திருப்பித் தள்ளினார். “சிவப்புதான் அழகுன்னு முதல் வாரம் நீதானே சொன்னே? சனிக்கிழமை உன் கல்யாணத்துக்கு எங்க பேட்டை சீர் இது. மாப்பிள்ளையை நல்லா சமைச்சுப் போடச் சொல்லு!”