ஒரே ஒரு ஆணி

"வெறும் சுவரில் ஒரே ஒரு படம் மாட்டுங்கள், வீட்டுக்கே களை வந்துவிடும்" என்று செல்போன் வீடியோவில் ஒரு பெண் சொன்னதைக் கேட்டு மேகலா மயில் படம் ஒன்று வாங்கி வந்தாள். அதை மாட்ட ஆணி அடித்தாள். மூன்றாவது அடி விழுவதற்குள், கீழ்வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனர் சிங்காரவேலு இருபத்திரண்டு படிகளையும் மூச்சிரைக்க ஏறி வந்துவிட்டார். "ஆணி அடிக்கக் கூடாதுன்னு குடி வரும்போதே சொன்னேனே, என்னம்மா இது?" நேற்று மாலை இதே சுவரில்தான் அவள் புருஷன் குணசீலன் அவள் தலையை ஐந்து முறை மோதினான். அப்போது கீழே டிவி சத்தம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். சிங்காரவேலு சுவரைத் தடவிப் பார்த்தார். ஆணிக்குப் பக்கத்தில் காய்ந்திருந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டினார். "பெயிண்ட் அடிச்சு ஆறு மாசம்கூட ஆகல." வீங்கியிருந்த அவள் நெற்றியை அவர் பார்க்கவில்லை. "இங்க நடக்குறது கீழ கேக்குமா சார்?" என்று கேட்டாள். "ஏன் கேக்காது? ஸ்பூன் விழுந்தாக்கூடக் கேக்கும்."

மறுநாள் குணசீலன் அவள் முடியைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் இழுத்தபோது மேகலா கத்தவில்லை. அலமாரியில் இருந்த சுத்தியலை எட்டி எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தாள். காரை உதிர்ந்தது. மறுபடியும் அடித்தாள். கீழே கதவு திறந்தது, செருப்புச் சத்தம் படியேறத் தொடங்கியது. குணசீலன் பிடியை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தான். மேகலா படிகளை எண்ணிக்கொண்டே சுவரிலிருந்து அவன் பக்கம் திரும்பினாள். சுத்தியலை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.