உச்சந்தலையில் ஒரு கை

“எங்க தியான வகுப்புல ‘நான்’ங்கிறது முழுசாக் கரைஞ்சுபோனவன் நான் ஒருத்தன்தான், மச்சான்!” என்றார் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், வீட்டுக்கு வந்திருந்த மனைவியின் தம்பியிடம்.

“அது எப்படி அத்தான் தெரியும்?”

“தினம் காலையில வீட்டுல கண்ணை மூடி உக்காந்தா, பத்தே நிமிஷத்துல உடம்புங்கிறதே இல்லாம போயிடும். அப்புறம் ஒரு கை வந்து என் உச்சந்தலையைத் தாங்கும். அலாரம் அடிச்சுக் கண்ணைத் திறந்தா யாரும் இருக்க மாட்டாங்க. அப்படியே மெய்சிலிர்த்துப் போயிடும்!”

“தினமுமா?”

“போன மாசம் ஒரு மூணு நாள் மட்டும் வரலை. கழுத்து வலிதான் மிச்சம். எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துடுச்சு போல.”

தம்பி எழுந்து சமையலறைக்குப் போனான்.

“அக்கா, போன மாசம் மூணு நாள் நீ எங்க வீட்டுலதானே இருந்தே?”

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “மெதுவாப் பேசுடா! உக்காந்த கொஞ்ச நேரத்துல தூங்கிடறார். தலை தொங்கிடுது. அலாரம் அடிக்கப் போற வரைக்கும் தாங்கிப் பிடிச்சுட்டு, சத்தமில்லாம இங்க வந்துடுவேன்.”

“அவர்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?”

“போடா! கல்யாணம் ஆன முப்பது வருஷத்துல, என் கை பட்டு அவருக்கு மெய்சிலிர்க்கிறது இப்பத்தான்.”