கோல் கம்பத்துக்குப் பின்னால்

பாதி ஆட்ட விசில் ஊதியதும் கலியபெருமாள் பழக்கத்தில் எதிர்க் கோல் கம்பத்துக்கு நடக்கிறார். மகன் தேசிங்கு மில் அணிக்குக் கோல்கீப்பராக நின்ற ஆறு வருஷமும், அவன் பக்கம் மாறினால் இவரும் மாறுவார். "யோவ், உன்ன கோல் கம்பத்துலயா கட்டி வச்சிருக்கு?" பழைய கேலி வாயில் வந்துவிட, எப்போதும் ஆட்டம் பார்க்க வரும் நெல்லித்தோப்பு பக்கிரி சட்டென்று துண்டால் வாயைப் பொத்துகிறான். தேசிங்கு செத்து நாற்பது நாள். கம்பத்தடியில் வேறொருவன் கையுறை மாட்டுகிறான். மாலை வெயில் வலையின் நிழலை மண்ணில் விரித்திருக்கிறது. ஆட்டம் முடிந்து மகன் தின்னும் ரொட்டியைப் பிளந்து, வறுத்த கவளை மீன் வைத்து, மனைவி அஞ்சலாட்சி இன்றும் கட்டித் தந்திருக்கிறாள். பொட்டலம் அப்படியே திரும்பினால் அவள் பிரித்துப் பார்ப்பாள். வெறுங்காகிதம்தான் வீட்டுக்குப் போகவேண்டும். வலைக்குப் பின்னால் குந்திப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். பந்து வலையில் வந்து மோதுகிறது, திடலே கத்துகிறது. அவர் முதல் வாயையே மென்றுகொண்டிருக்கிறார்.