ஆமென் மட்டும் வராது

சான் ஹோசே ஆஸ்பத்திரியில் அப்பாவின் குரல் காரிடார் வரைக்கும் கேட்டது. தாமரைச்செல்வி கீமோ அறையின் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மருந்து ஏறும் கையை நீட்டிப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சேனாபதி பைபிள் வசனம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில், அதே மருந்து ஏறிக்கொண்டிருந்த ஜெயகுமாரி ஆன்ட்டி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மில்பிடாஸில் மகள் வீடு வாங்கியபோது, கிருகப்பிரவேசம் என்ற ஒரு வார்த்தைக்காக அமெரிக்காவுக்கு விமானம் ஏற மறுத்தவர் சேனாபதி.

"என்னப்பா இது? சாமியே இல்லைன்னு ஊர் ஊரா மேடை போட்டீங்க. பயம் வந்ததும் கன்வர்ட் ஆயிட்டீங்களா?"

"பயமா, எனக்கா?" கண்ணைத் திறந்தார். "இந்தம்மாவுக்கு மருந்துல வாயெல்லாம் புண்ணு. ஜெபம் சொல்ல முடியலைன்னு அழுதுச்சு. எனக்குத்தான் அத்தனையும் மனப்பாடமாச்சே."

"உங்களுக்கு எப்படி?"

"கிழிக்கணும்னா படிக்க வேண்டாமா? நாகர்கோவில்ல சர்ச்சுக்கு எதிர்லயே மைக் வச்சுக் குழாய் கட்டுவோம். ஒரு வசனம் சொல்லுவேன், ஒரு கேள்வி கேப்பேன். கல்லு வரும், சோடா பாட்டில் வரும். பேச்சு நிக்காது." சொல்லும்போதே முதுகு நிமிர்ந்தது. "இப்பவும் கண்டிஷன் போட்டுத்தான் சொல்றேன். ஆமென் மட்டும் என் வாயில வராது."

ஜெயகுமாரி ஆமாம் என்று தலையாட்டினார்.

தாமரைச்செல்விக்குக் கோபம் வடிந்துபோயிற்று. ஆரம்பத்தில், "போதும், ட்ரீட்மென்ட்டை நிறுத்திடு" என்று சொல்லிவிட்டு, யாரோடும் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரி நாள் என்றால் முதலில் ஷூ மாட்டிக்கொண்டு நிற்பவர் அவர்தான்.

மருந்து முடிந்து, நர்ஸ் ஊசியை எடுத்ததும் சேனாபதி பாத்ரூமுக்குப் போனார்.

ஜெயகுமாரி பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார். தயிர்சாதம். ஓரத்தில் செக்கச்செவேலென்று மாங்காய் ஊறுகாய். ஒரு துண்டை எடுத்து நிதானமாகக் கடித்தார்.

"ஆன்ட்டி, வாய்ப்புண்ணோட எப்படி... எரியலையா?"

"அது ஆறி ரொம்ப நாளாச்சு மக்ளே. ஒங்கப்பாட்ட சொல்லிராத."

"அப்போ ஜெபத்தை நீங்களே சொல்லலாமே?"

ஜெயகுமாரி பாத்ரூம் கதவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"அவரு குழாய் கட்டினது எங்க சர்ச்சுக்கு எதிர்லதான். ஜன்னலைச் சாத்தினாலும் சத்தம் உள்ள வரும். அந்தக் குரல் நிக்கணும்னு முழங்கால் போட்டு ஜெபிச்சவ நான். இப்போ, நின்னுரப்பிடாதுன்னு ஜெபிக்கேன்."