வெள்ளிப் பாதுகை

ராயபுரம் கடற்கரையோர மைதானத்தில் சுவாமிகளின் சொற்பொழிவு. கல்லூரி மலருக்காகப் படம் எடுக்க வந்திருந்தான் பக்தவச்சலம். ஸ்டூடியோ அத்தாவுல்லாவிடம் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கிய கேமரா.

பேச்சின் நடுவே, "எல்லோரும் கண்ணை மூடித் தியானியுங்கள்" என்றார் சுவாமிகள். கூட்டம் சிலையாகிவிட்டது. இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? பக்தவச்சலம் பெஞ்சின் மேல் ஏறி நின்று, மேடையைப் பார்த்து ஒரு படம் எடுத்தான்.

தியானம் முடிந்தது. மேடை ஓரத்தில் கழற்றி வைத்திருந்த சுவாமிகளின் வெள்ளிப் பாதுகைகளைக் காணோம்.

"இவன்தான். இவன் ஒருத்தன்தான் கண்ணை மூடல" என்று பக்தவச்சலத்தின் சட்டையைப் பிடித்தார் தலைமைச் சீடர்.

கண்ணை மூடியிருந்தவருக்கு அது எப்படித் தெரிந்தது? பக்தவச்சலத்துக்குச் சுருக்கென்றது.

வாசலில் பந்தோபஸ்தில் நின்றிருந்த சப்-இன்ஸ்பெக்டர் பொன்னுரங்கம் விரைந்து வந்தார்.

"சார், நான் எடுக்கல. மேடை மொத்தமும் படத்துல விழுந்திருக்கும். பிலிமைக் கழுவிப் பாருங்க. நான் பொய் சொன்னா லாக்கப்புல போடுங்க."

"கூடாது" என்று குறுக்கே வந்தார் சீடர். "சுவாமிகளைப் படம் எடுத்ததே அபசாரம். பிலிமைப் பிடுங்கிக் கடல்ல வீசுங்க."

"இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்?" சீடரை மேலும் கீழும் பார்த்தார் பொன்னுரங்கம். "படம் சொல்லட்டும். அது யாரா இருந்தாலும் இன்னிக்கே வெலங்கு."

ஸ்டூடியோ வாசலில் சீடர் காவலோடு நிற்க, அத்தாவுல்லா இருட்டறையிலிருந்து ஈரப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

பக்தவச்சலம் ஆவலோடு எட்டிப் பார்த்தான். சீடர் கண்ணை இறுக்க மூடி, கைகூப்பி உட்கார்ந்திருந்தார். மேடை ஓரத்தில் ஒரு பெண்மணி. ஒரு பாதுகையைப் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். இன்னொன்று பாதி முந்தானைக்குள் போயிருந்தது.

பொன்னுரங்கம் படத்தை வெகுநேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு படத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"நீ வூட்டுக்குப் போ தம்பி. வாசல்ல நிக்கிற சீடரையும் வுட்டுடச் சொல்றேன். பாதுகை நாளைக்கு மேடைக்கு வந்துடும்."

"முகம் பளிச்சுனு விழுந்திருக்கே சார். இந்தம்மாவைப் பிடிக்க வேணாமா?"

பொன்னுரங்கம் பெருமூச்சு விட்டார்.

"எங்கேந்து புடிக்கிறது? கல்யாணம் ஆன நாளா அவதான் என்னைப் புடிச்சு வெச்சிக்கினு கீறா."